இல்லாத பெட்டியின் பூட்டு

ஒரு கணினியின் வயிற்றுக்குள்ளே மற்றொரு கணினியை உண்டாக்கி, தனக்கென்று ஒரு விசைப்பலகையும் ஒரு திரையும் ஒரு வன்தட்டும் இருப்பதாக அந்த உள்கணினி மனப்பூர்வமாக நம்பிக்கொண்டு தன் காரியங்களைப் பார்க்கும்படி செய்கிற மென்பொருள்கள் இன்று பல இருக்கின்றன. அவற்றுள் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கியூஎமு, தன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று பொதுவில் வைத்திருப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு மற்றவற்றைவிட உபகாரமானது. வெளியே இருக்கும் மெய்யான கணினிக்கு ஹோஸ்ட் என்றும், உள்ளே இருக்கும் மாயக் கணினிக்கு கெஸ்ட் என்றும் இந்தத் தொழிலில் பெயர். இல்லத்தார், விருந்தினர் என்று அவற்றை நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு அந்தச் சொற்கள் மிகவும் பொருத்தமாகவே அமைகின்றன. விருந்தினரை உபசரிப்பது இல்லத்தாரின் கடமை. ஆனால் விருந்தினர் தம் மடியில் என்ன முடிந்து வைத்திருக்கிறார் என்பது இல்லத்தாருக்குத் தெரியாது.

இந்த விருந்தினருக்கு ஒரு கோப்பைக் கொடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுவோம். அவருக்குப் பழக்கமான வழி யூஎஸ்பி. ஒரு சாதனத்தை யூஎஸ்பி துவாரத்தில் செருகியதும் கணினி முதலில் செய்வது விசாரணைதான்: நீ யார், எந்த ஜாதிச் சாதனம், எந்த மொழியில் பேசுவாய் என்று அது ஒவ்வொன்றாகக் கேட்க, சாதனம் 18 பைட் நீளமுள்ள ஓர் அறிமுகச் சீட்டை முதலில் நீட்டி, அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் அடக்கமாக விடை சொல்லிக்கொண்டு வருகிறது. கேட்காமல் அது வாய் திறப்பதில்லை. விடைகள் ஒழுங்காக இருந்துவிட்டால், கம்பியின் மறுமுனையில் மெய்யாகவே பிளாஸ்டிக்கும் சிலிக்கனும் இருக்கின்றனவா என்று கணினி எட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அதற்கு வழியும் இல்லை. ஆகவே இல்லாத ஒரு சாதனத்தை இருப்பதாகப் பாவனை செய்வது என்பது, கேள்விக்கு ஏற்ற விடையைத் தவறாமல் சொல்லும் ஒரு நிரலை எழுதுவதைத் தவிர வேறில்லை.

பென்டிரைவாகப் பாவனை செய்வது பழைய வழி. ஆனால் பென்டிரைவுக்குக் கோப்பு என்றால் என்ன என்றே தெரியாது என்பதை நாம் கவனிக்கவேண்டும். அதற்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் 512 பைட் கொண்ட கட்டங்களின் வரிசை ஒன்றுதான். எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்னும் கணக்கை எழுதி வைத்துக்கொள்வது, அதைச் செருகிக்கொண்ட கணினியின் பொறுப்பு. ஒரு பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல், தத்தம் ஞாபகத்தில் இருக்கும் பழைய இருப்பை நம்பி எழுதிக்கொண்டு போனால் பேரேடு என்ன கதிக்கு ஆளாகுமோ, இல்லத்தாரும் விருந்தினரும் ஒரே தட்டை ஒரே சமயத்தில் திறந்து எழுதினால் அந்தத் தட்டு அந்தக் கதிக்கு ஆளாகும். கைப்பேசிகளிலும் இதே சங்கடம் இருந்தது. ஆரம்ப கால ஆண்ட்ராய்டு பேசிகளைக் கணினியில் செருகினால், கணினி வேலையை முடிக்கும் வரையில் பேசி தன் நினைவட்டையைத் தானே தொடமுடியாமல் காத்திருக்க வேண்டியிருந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் எம்டிபி என்ற உரையாடல் முறை. படமெடுக்கும் கருவிகளிலிருந்து படங்களை இறக்குவதற்காக ஏற்பட்டிருந்த பழைய முறை ஒன்றை விரித்து மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் இதை அமைத்தார்கள். 2008-இல் இது யூஎஸ்பி நியமங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இதில் பேச்செல்லாம் கட்டங்களைப் பற்றியது அல்ல, பொருள்களைப் பற்றியது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வோர் அடைவுக்கும் சாதனமே ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது; கைப்பிடி என்று அந்த எண்ணுக்குப் பெயர். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் 12 பைட் இருக்கும்: மொத்த நீளம், செய்தியின் இனம், கட்டளையின் எண், எத்தனையாவது பேச்சு என்னும் வரிசை எண். கட்டளை நிறைவேறினால் பதினாறடிமான முறையில் 2001 என்று ஒரு விடை வரும். கணக்குப்பிள்ளை இப்போது ஒருவர்தான். அவர் சாதனத்தின் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

கியூஎமுவில் இந்த எம்டிபி சாதனம் 2014-இல் சேர்ந்தபோது அது வாசிப்பதற்கு மட்டுமே உதவுவதாக இருந்தது. இல்லத்தாரின் அடைவு ஒன்றைக் காட்டினால், அது விருந்தினரின் திரையில் ஒரு கைப்பேசியைப் போலத் தோன்றும். கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம், வைக்கமுடியாது. எழுதும் வசதி 2018-இல்தான் வந்தது. இடையில் நான்கு ஆண்டுகள் கழிந்ததற்குச் சோம்பல் காரணமாக இருக்கலாம், தேவையின்மை காரணமாக இருக்கலாம். நான் அதை ஆராயப் புகவில்லை. ஆனால் வாசிப்பதும் எழுதுவதும் ஒரே கதவின் இரண்டு பக்கங்கள் என்று நினைப்பவர்கள், இந்தச் சாதனத்தின் நிரலை ஒரு முறை படித்துப் பார்த்தால் அந்த நினைப்பை விட்டுவிடுவார்கள் என்பது நிச்சயம்.

வாசிக்கும்போது விருந்தினர் சொல்லுவது ஓர் எண்ணை மட்டும். ஏழாம் கைப்பிடியைக் கொடு என்கிறார். ஏழு என்பது இல்லத்தார் தாமே கொடுத்த எண். அப்படி ஓர் எண் பட்டியலில் இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் இல்லை என்று கையை விரித்துவிடலாம். விருந்தினரால் இல்லத்தாரின் வாயிலிருந்து வந்த சொற்களுக்குள்ளேதான் தேர்ந்தெடுக்க முடியும்; புதிய சொல் ஒன்றை உள்ளே நுழைக்க முடியாது. எழுதும்போதோ, கோப்பின் பெயரைச் சொல்லுகிறவரும் அவரே, அது எத்தனை நீளம் என்று சொல்லுகிறவரும் அவரே, உள்ளடக்கத்தைத் தருகிறவரும் அவரே. அந்த மூன்று சொற்களையும் காதில் வாங்கிக்கொண்டு தம் வீட்டுக்குள் ஒரு காரியத்தைச் செய்யவேண்டிய நிலைமை இல்லத்தாருக்கு ஏற்படுகிறது. சங்கடம் அத்தனையும் இந்த வித்தியாசத்திலிருந்தே கிளைக்கிறது.

எழுதும் வசதியைச் சேர்க்கிறவர், அதனோடு கூடவே, வேண்டாதவர்களுக்கு அதை மறுக்கும் வசதியையும் சேர்க்கவேண்டும். இங்கே பழைய ஒலிநாடாக் கேசட்டை நான் நினைத்துக்கொள்ளுகிறேன். அதன் முதுகில் இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். பதிவு செய்த பாட்டு அழியக்கூடாது என்றால் ஸ்குரூ டிரைவரின் நுனியால் அந்தப் பல்லை நெம்பி உடைத்துவிடுவோம். அதற்குப் பிறகு ரிக்கார்டரில் பதிவுப் பொத்தான் அழுந்தாது. ஆனால் கேசட் நாடாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. பல் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்க்கும் ஒரு சிறு நெம்புகோல் ரிக்கார்டருக்குள் இருந்தது, காவல் அங்கேதான் இருந்தது. எங்கள் வீட்டில் என் அண்ணன் அந்தக் குழியில் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துத் திணித்து, அப்பா பல்லை உடைத்துப் பத்திரப்படுத்தியிருந்த கச்சேரியின்மேல் கிரிக்கெட் வர்ணனையைப் பதிவு செய்துவிட்டான். எஸ்டி அட்டையின் ஓரத்தில் நகரும் சிறு தாழ்ப்பாளும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. தாழ்ப்பாள் எந்த நிலையில் இருக்கிறது என்பது அட்டைக்குள் இருக்கும் சில்லுக்குத் தெரியாது. அட்டையைப் படிக்கும் கருவி பார்த்து மரியாதை கொடுத்தால் உண்டு.

யூஎஸ்பி சாதனங்களில் இந்த மரியாதை சொற்களின் வடிவத்தில் இருக்கிறது. பென்டிரைவைச் செருகியதும் கணினி அதன் குணங்களை விசாரிக்கும்போது, விடையாக வரும் பைட் ஒன்றின் தலைப் பிட் 1 ஆக இருந்தால், இதில் எழுதலாகாது என்று பொருள். லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, 'ரைட் புரொடெக்ட் ஈஸ் ஆன்' என்றோ 'ஆஃப்' என்றோ தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். எம்டிபியில் சேமிப்பகத்தின் விவரங்களைச் சொல்லுகிறபோது அதற்கென்றே ஓர் எண் உண்டு: 0 என்றால் வாசிக்கலாம், எழுதலாம், 1 என்றால் வாசிக்க மட்டும், 2 என்றால் வாசிக்கலாம், எழுதக்கூடாது, ஆனால் அழிக்கலாம். இந்த இரண்டாம் எண்ணைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. எழுத உரிமை இல்லாதவனுக்கு அழிக்க மாத்திரம் உரிமை கொடுக்கும் நியமம் எத்தகைய நியமம்? பிறகு, படங்களை இறக்கிக்கொண்டபின் கருவியில் இருப்பதைத் துடைத்துவிட்டுப் போகும் புகைப்படக்காரரை நினைத்தபோது, அதிலும் ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது.

இப்படி 1 என்று அறிவித்துவிட்டால், ஒழுங்கான விருந்தினர் கோப்பை வைப்பதற்கான பொத்தானையே மங்கலாக்கிக் காட்டுவார். ஒழுங்கற்றவர் அறிவிப்பைப் படிக்காமலேயே கட்டளையை அனுப்புவார். அறிவிப்போடு நின்றுவிட்ட சாதனம், 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த வீடு. ஆகவே எழுதச் சொல்லும் ஒவ்வொரு கட்டளையும் வந்து சேரும் அந்த இடத்திலேயே, இந்தச் சேமிப்பகம் எழுதத்தக்கதா என்று மறுபடியும் ஒரு முறை கேட்டு, இல்லையென்றால் 'சேமிப்பகம் வாசிக்க மட்டும்' என்னும் மறுப்பு விடையைக் கொடுத்துத் திருப்பிவிடவேண்டும். கியூஎமுவின் நிரலில் அழிக்கும் கட்டளைக்கு முன்னாலும், கோப்பு வருகிறது என்று முன்னறிவிக்கும் கட்டளைக்கு முன்னாலும் இந்தக் கேள்வி நிற்கிறது.

முன்னறிவிப்பு என்றேன். எம்டிபியில் ஒரு கோப்பை வைப்பது இரண்டு படிகளில் நடக்கிறது. முதற்படியில், எந்தச் சேமிப்பகத்தில், எந்த அடைவுக்குள், என்ன பெயரில், எத்தனை பைட் வரப்போகிறது என்னும் விவரங்கள் மட்டும் வருகின்றன. சாதனம் அவற்றைப் பரிசீலித்து, இடம் போதாவிட்டால் போதாது என்றும், அடைவு என்று சொல்லப்பட்டது அடைவே அல்ல என்றால் அப்படி என்றும் சொல்லிவிடலாம். சம்மதமானால் புதிய கைப்பிடி ஒன்றைக் கொடுக்கிறது. உள்ளடக்கம் இரண்டாம் படியில்தான் வருகிறது. முதற்படி இல்லாமல் இரண்டாம் படியை மட்டும் அனுப்பும் குறும்புக்காரருக்கும் தனியாக ஒரு மறுப்பு விடை உண்டு. இதில் ஒரு நுட்பம்: கட்டளை மறுக்கப்படப்போகிறது என்பது அனுப்புகிறவருக்கு முன்கூட்டித் தெரியாதாகையால், அவர் கட்டளையின் பின்னாலேயே விவரங்களையும் அனுப்பத் தொடங்கிவிடுவார். சாதனம் அப்போது குழாயை அடைத்து நிறுத்தவேண்டும், அல்லது வருவதை எல்லாம் வாங்கிக் கீழே கொட்டிவிட்டுப் பிறகு மறுப்பைச் சொல்லவேண்டும். மறுப்பு மனத்தில் தோன்றிய கணத்திலேயே அதைச் சொல்லிவிட முடியாமல், வந்தவர் பேசி முடிக்கும் வரையில் பொறுத்திருக்கும் பண்பை யந்திரமும் கற்கவேண்டியிருக்கிறது.

நீளத்தைப் பற்றிய தொல்லைகளைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். அதிவேக யூஎஸ்பியில் தரவு 512 பைட் பொட்டலங்களாக வருகிறது. அதைவிடக் குட்டையான பொட்டலம் ஒன்று வந்தால் செய்தி முடிந்தது என்று அர்த்தம். செய்தியின் நீளம் 512-இன் சரியான மடங்காகவே அமைந்துவிட்டால், கடைசிப் பொட்டலமும் முழுப் பொட்டலமாகவே இருக்குமாகையால், முடிவை அறிவிக்க ஒன்றுமே இல்லாத வெற்றுப் பொட்டலம் ஒன்று வரவேண்டும். அதை எதிர்பாராத நிரல், முடிந்துபோன பேச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். மேலும் நீளத்தைச் சொல்ல நான்கு பைட்தான் இருப்பதால் 4,294,967,295-க்கு மேல் எண்ண முடியாது; அதைவிடப் பெரிய கோப்புக்கு அந்த உச்ச எண்ணையே போட்டுவிட்டு, வருகிற வரையில் வாங்கிக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள்.

பெயரின் விஷயம் இவ்வளவு எளிதாகத் தீருவது அல்ல. எம்டிபியில் ஒரு சொல் வரும்போது அதன் முதல் பைட்டில் எத்தனை எழுத்து என்னும் எண்ணிக்கை இருக்கும். பின்னால் எழுத்துக்கு இரண்டு பைட் வீதம் வரும். எண்ணிக்கையில் 200 என்று எழுதிவிட்டு எழுத்துகளில் பத்தை மட்டும் அனுப்பினால், எண்ணிக்கையை நம்பிய சாதனம், வந்த தரவின் எல்லையைத் தாண்டி, தன் நினைவகத்தில் வேறு எதுவோ கிடக்கும் இடத்தையெல்லாம் பெயர் என்று படித்துக்கொண்டு போகும். சொன்ன எண்ணிக்கை ஒன்று, வந்து சேர்ந்தது ஒன்று. இரண்டில் எது சிறியதோ அதையே கொள்ளவேண்டும். நம் மொழிக்காரர்களுக்கு இதில் வேறு ஒரு சோதனையும் உண்டு. 'கொடி' என்பது நமக்கு இரண்டெழுத்துச் சொல். கணினிக்கு அது ககர உயிர்மெய்யும் ஒகரக் குறியும் டகரமும் இகரக் குறியுமாக நான்கு குறியெண்கள். எம்டிபியில் 8 பைட். லினக்ஸில் கோப்புப் பெயராகச் சேமிக்கும்போது, தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட் வீதம், 12 பைட். லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகலாகாது. ஆகவே 85 குறியெண்களைத் தாண்டிய தமிழ்ப் பெயர், எம்டிபியின் சட்டப்படி முற்றிலும் செல்லுபடியானதாக இருந்தும், இல்லத்தாரின் தட்டில் இடம் கிடைக்காமல் திரும்பும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்துச் சோதித்தவருக்கு இது தென்படப்போவதில்லை.

ஆனால் பெயரில் ஒளிந்திருந்த மெய்யான அபாயம் ஒரே ஒரு சாய்கோடுதான். லினக்ஸ் போன்ற முறைகளில் ஒரு கோப்பின் பெயரில் வரக்கூடாத அடையாளங்கள் இரண்டே: '/' என்னும் சாய்கோடும், பூஜ்ய மதிப்புள்ள பைட்டும். சாய்கோடு அடைவுகளைப் பிரிக்கிறது. இரண்டு புள்ளிகள் ஒரு படி மேலே போ என்று பொருள்படுகின்றன. இல்லத்தார் 'பகிர்வு' என்னும் அடைவை விருந்தினருக்கு விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், விருந்தினர் தம் கோப்பின் பெயர் '../சாவி' என்று அறிவிக்கும்போது, சாதனம் களங்கமில்லாமல் இரண்டையும் ஒட்டி 'பகிர்வு/../சாவி' என்று ஒரு பாதையை உண்டாக்கி, பகிர்வுக்கு வெளியே இருக்கும் சாவியின்மேல் எழுதிவிடும். எழுதும் வசதி வந்த அதே 2018-ஆம் ஆண்டில் கியூஎமுவில் கண்டுபிடிக்கப்பட்டு, சிவிஇ-2018-16867 என்று எண்ணிடப்பட்ட குறை இதுதான். திண்ணையில் இடம் கொடுத்தவர் வீட்டின் பூஜையறை வரையில் வந்து நிற்கும் இந்த விபரீதம், சாதனத்தை எழுதத்தக்கதாகத் திறந்து வைத்தவர்களுக்கு மட்டுமே நேரக்கூடியதாயிருந்தது. 3.1 பதிப்பில் இதற்குச் செய்த பரிகாரம் மிகச் சிறியது: பெயருக்குள் சாய்கோடு எங்கேனும் இருந்தால் அதை ஏற்காமல் மறுத்துவிடுவது.

இந்தத் தவறு எழுதுவதால் வந்தது; இதனோடு இரட்டைப் பிள்ளையாக வெளிவந்த மற்றொன்று காலத்தால் வந்தது, அது வாசிப்பையும் பாதித்தது. சாதனம் அடைவைப் பட்டியலிடும்போது ஒவ்வொரு பொருளையும் பார்த்து, இது கோப்பு, இது அடைவு, இது வேறு இடத்தைச் சுட்டும் வெறும் குறிப்பு என்று தரம் பிரித்துக் குறிப்புகளைத் தள்ளிவிடுகிறது. பார்த்ததற்கும் பிறகு ஒரு நாள் திறப்பதற்கும் இடையில், அந்த அடைவில் எழுத உரிமையுள்ள ஒருவர் பொருளை எடுத்துவிட்டு அதே பெயரில் சுட்டுக் குறிப்பு ஒன்றை வைத்துவிட்டால், முன்பு பார்த்த பார்வை பயனற்றதாகிவிடும். இதற்குப் பரிகாரமாக, பொருளைத் திறக்கச் சொல்லும்போதே, அது சுட்டுக் குறிப்பாக இருந்தால் பின்தொடராதே என்று இயங்குதளத்துக்கே ஆணையிட்டுவிடுகிறார்கள். பார்ப்பதும் திறப்பதும் இப்போது ஒரே செயல். இடையில் கை நுழைய இடமில்லை.

அழிக்கும் கட்டளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். கைப்பிடி எண்ணின் இடத்தில் எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக வைத்து அனுப்பினால், இருப்பதையெல்லாம் அழி என்று எம்டிபியில் பொருள். ஓர் அடைவை அழிக்கச் சொன்னால் அதற்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போய், நடுவில் ஒன்று இயங்குதளத்தால் மறுக்கப்பட்டால், 'பாதி அழிந்தது' என்று பொருள்படும் 2012 என்னும் விடையைச் சொல்லவேண்டும். ஏதோ ஒன்று அழிந்துவிட்டதே என்று 2001 சொல்லிவிட்டால், விருந்தினர் தம் திரையிலிருந்து இல்லாத வெற்றியின் பேரில் எல்லாவற்றையும் நீக்கிக் காட்டுவார். அதிலும், ஒரு கோப்புக்கு வாசிக்க மட்டும் என்று அனுமதி எழுதியிருப்பதை நம்பி, அதை யாரும் அழிக்க முடியாது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். யூனிக்ஸ் மரபில் கோப்பின் அனுமதி அதன் உள்ளடக்கத்தைக் காக்கிறதே ஒழிய அதன் பெயரைக் காப்பதில்லை. பெயர் அடைவுக்குச் சொந்தம், அடைவில் எழுத முடிந்தவர் அதற்குள் இருக்கும் பெயரை அடித்துவிடலாம். ஆதலால் கோப்பின் அனுமதியை மட்டும் சோதிக்கும் காவல், அழிப்பதைப் பொறுத்தவரையில் காவலே அல்ல.

விருந்தினர் கணினிக்குள்ளே ரூட் என்னும் சர்வாதிகாரியாக உட்கார்ந்திருப்பவர்கூட, இந்தச் சாதனத்தின் வழியாக வெளியே கை நீட்டும்போது, கியூஎமுவை இயக்கிய சாதாரணப் பயனாளியின் உரிமைகளோடுதான் வருகிறார். அந்தப் பயனாளி தம் வீட்டு அடைவில் எதையெல்லாம் செய்யலாமோ அதையெல்லாம் செய்யக்கூடியவராக வருகிறார் என்றும் இதையே திருப்பிச் சொல்லலாம். எழுதும் வசதியைச் சேர்த்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு, இந்தச் சாதனத்தின் 'ரீட்ஒன்லி' என்னும் குணம் யாரும் ஒன்றும் சொல்லாதபோது 'ட்ரூ' என்றே நிற்பது சாட்சி. பகிர்வு அடைவில் விருந்தினர் எழுதட்டும் என்று நினைக்கிற இல்லத்தார், ஒவ்வொரு முறையும் கட்டளை வரியில் அந்தக் குணத்துக்கு எதிரே 'ஃபால்ஸ்' என்ற சொல்லைத் தம் கையாலேயே தட்டெழுதவேண்டும்.